என் கட்சிக்காரரின் கீழ்த்தாடை

ஜனவரி 9

அன்புள்ள தங்கைக்கு,

நலம். உன் நலத்தை அறிய விரும்புகிறேன். நமக்கிடையே கடிதப் போக்குவரத்து நின்றுபோன சூழ்நிலை குறித்து இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை. சொல்லாததால் எந்தத் தரப்பின் நிலையையும் நான் ஏற்றுக்கொண்டதாகக் கொள்ள வேண்டாம்.

விஷயம் இதுதான். வக்கீல் என்ற முறையில் எனக்கு ஒரு கட்சிக்காரர் இருக்கிறார். எழுபதை நெருங்குபவர், பேசிப் பிழைக்கும் தொழில். மேல்வரிசைக்குப் பல் செட் போட்டு நெடுநாளாகிறது, அதில் குறையில்லை. கீழ்வரிசையில் முன்பற்கள் சில மட்டும் மிச்சம். மற்ற இடத்தை நிரப்பும் பல் செட், அவர் வாயைத் திறந்தால் தானும் எழுந்து நிற்கிறது. சென்ற மாதம் பலர் கூடியிருந்த ஓர் அறையில், முக்கியமான ஒரு வாக்கியத்தின் நடுவில் அவர் இருந்தபோது, அது வெளியே வந்து முன்னிருந்த கோப்பின் மேல் விழுந்தது. அன்றிலிருந்து அவர் அந்த அறைக்குப் போகவில்லை. போக முடியும் என்றும் அவருக்குத் தோன்றவில்லை.

மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றின் மாடியில் இருக்கும் பல் மருத்துவரிடம் சென்றார். மருத்துவருக்கு நாற்பது வயதிருக்கும். கீழே மிச்சமிருக்கும் பற்கள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, தாடை எலும்பில் நான்கு திருகுகளை இறக்கி, எலும்பு அவற்றைப் பற்றிக்கொண்ட பிறகு அவற்றின் மேல் பல் செட்டைச் சொடுக்கென்று மாட்டிவிடலாம் என்கிறார். பிடுங்கப்பட வேண்டியவற்றில் ஒரு பல் கொஞ்சமும் ஆடாதது. அதை ஏன் பிடுங்க வேண்டும் என்று கேட்டதற்கு, "அது தனியா நின்னு என்ன சார் பண்ணப் போவுது?" என்று சிரித்தாராம். சிரிப்பு பதிலாகாது என்பது கட்சிக்காரரின் கருத்து. ஒரு மனிதனை மல்லாக்கப் படுக்கவைத்து, வாயில் கண்ணாடியை விட்டுக்கொண்டு, "சரிதானே சார்?" என்று கேட்டால், அவன் தரும் சம்மதத்துக்கு என்ன மதிப்பு என்பதும் அவருடைய கேள்வி.

எக்ஸ்ரே பிரதி இத்துடன். பெயர் இருந்த மூலையைக் கத்தரித்திருக்கிறேன். இந்தச் சிகிச்சை தேவையானதா, அல்லது பிடுங்குவதற்காகவே பிடுங்குகிறார்களா என்பதில் ஒரு பல் மருத்துவப் பேராசிரியை என்ற முறையில் உன் கருத்தை எழுத்து மூலம் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

அண்ணன்


ஜனவரி 17

அண்ணாவுக்கு,

எழுத்து மூலமா? என்னிடமா?

கடைசியாக நான் எழுத்து மூலம் எழுதியது, தங்கை அண்ணனுக்கு எழுதுகிற கடிதம் என்று நம்பி. என் கல்லூரி விடுதி அறைத்தோழி சுருட்டை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தூங்காமல் வந்து ஒரு நோயாளிக்குப் பல் பிடுங்கினாள், கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாள் போலிருக்கிறது என்று நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நோயாளி பிறகு உங்கள் கட்சிக்காரர் ஆனது எனக்குத் தெரியாது. அந்த நாலு வரியை நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாசித்தீர்கள். அவள் கிளினிக்கை மூடினாள். இன்றைக்கு எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் போய் நிற்க முகமில்லை.

ஆகவே எழுத்தில் ஒன்றும் கிடையாது.

ஆனால் எக்ஸ்ரேயைப் பார்த்தேன். என் தொழிலில் ஒரு படத்தை மூடி வைப்பது கஷ்டம். உங்கள் கட்சிக்காரருக்கு இடது கடைவாயில், எலும்புக்குள் ஒரு வேர்த்துண்டு கொக்கி மாதிரி வளைந்து நிற்கிறது. அந்த வேர்த்துண்டு எனக்குப் பழக்கமானது. நான் கல்லூரியில் படிக்கையில், "எங்கிட்ட காட்டுங்கண்ணா, நோகாம எடுக்கறேன்" என்று கெஞ்சி ஒருவரை உட்காரவைத்தேன். பல்லில் பாதி என் கையில் வந்தது. பாதி அங்கேயே குடியிருந்துவிட்டது. அவர் வீங்கின கன்னத்தைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார்.

பெயரைக் கத்தரித்தீர்கள். வாயைக் கத்தரிக்கவில்லை.

எதற்கு இந்த வேஷம்? சிகிச்சையே இன்னும் ஆரம்பிக்கவில்லை, அதற்குள் சாட்சி தேடுகிறீர்களா?

தங்கை


ஜனவரி 24

அன்புள்ள தங்கைக்கு,

உன் 17ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. கட்சிக்காரர் யார் என்ற உன் ஊகத்தை நான் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. வளைந்த வேர்த்துண்டு உலகில் ஒருவருக்குத்தான் இருக்க வேண்டும் என்று விதி ஏதும் இல்லை.

உன் தோழி விவகாரத்தில், கையில் கிடைத்த ஆதாரத்தை என்னை நம்பி வந்தவரிடமிருந்து மறைக்க எனக்கு உரிமையில்லை என்பதே அன்றைய என் நிலை. நீ எழுதியது உண்மையா இல்லையா என்ற கேள்வியை நீ இதுவரை எழுப்பவில்லை என்பதையும் கவனிக்கிறேன்.

கட்சிக்காரரின் சந்தேகம் வலுத்திருக்கிறது. அங்கே மேசைமேல் கண்ணாடி போன்ற ஒரு தாடையை வைத்திருக்கிறார்கள். அதில் திருகுகள் மிக அழகாக நிற்கின்றன. அந்தத் தாடைக்கு ரத்தமும் இல்லை, வயதும் இல்லை. வரவேற்பில் இருக்கும் பெண், யாரும் கேட்காமலே, "எல்லாருக்கும் நல்லா வந்திருக்கு சார்" என்கிறாள். எல்லாருக்கும் நல்லபடியாக நடந்தது என்று ஆரம்பிக்கும் சாட்சிகளை நான் குறுக்கு விசாரணையில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கட்சிக்காரரும் சளைத்தவர் அல்ல. தேதி குறிப்பதற்கு முன் உதவியாளர் அவரை விசாரித்தார்.

"சர்க்கரை, பிரஷர் ஏதாவது?"

"இல்லை."

"ஹார்ட்ல ஏதாவது?"

"இல்லை."

"தினமும் ஏதாவது மாத்திரை எடுக்கறீங்களா?"

"இல்லை."

மூன்றும் உண்மை. கேட்ட கேள்விக்கு மட்டும், கேட்ட அளவுக்கு மட்டும் பதில். கேட்காததைச் சொல்லி எதிர்த்தரப்புக்கு உதவக் கூடாது. சாட்சிக் கூண்டில் ஏறும் அனைவருக்கும் நான் சொல்வது இது. இவர் இதை நன்றாகவே கடைப்பிடித்தார்.

அறுவைச் சிகிச்சைக்குப் பிப்ரவரி 15 குறித்திருக்கிறார்கள். அதற்கு முன் உன் கருத்து தேவை. வீட்டில் அவருடைய மனைவி, "மிக்ஸியில அடிச்சு அடிச்சு எனக்குக் கை ஓஞ்சு போச்சு. திருகோ ஆணியோ, எதையாவது அடிச்சுட்டு வாங்க" என்று சொல்வதையும் பதிவு செய்கிறேன்.

அண்ணன்


ஜனவரி 29

அண்ணா,

அண்ணி சௌக்கியமாக இருக்கிறாள் என்று தெரிகிறது. சந்தோஷம்.

கேட்காதது எது? உங்கள் கடிதத்தை அந்த இடத்தில் மறுபடி படித்தேன். அப்புறம் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு முறிந்ததே, நினைவிருக்கிறதா? நீங்கள் சொல்லவில்லை. அண்ணி போனில் சொன்னாள். நீங்கள் என்னோடு பேசாவிட்டாலும் அவள் பேசாமலில்லை. எலும்பு தேய்ந்திருக்கிறது என்று வருஷத்துக்கு ஒருமுறை ஊசி மருந்து ஏற்றுகிறார்கள் என்றாள். இன்னும் ஏற்றிக்கொள்கிறீர்களா? அதைத்தான் சொல்லவில்லையா? வருஷ ஊசி தினசரி மாத்திரை ஆகாது. அதனால் 'இல்லை'. அப்படித்தானே?

அந்த மருந்து எலும்பிலேயே தங்கும். இடுப்புக்கும் முதுகுக்கும் நல்லது செய்யும். தாடையில் பல்லைப் பிடுங்கித் துளை போட்டால் மட்டும், சிலருக்குப் புண் ஆறாமல் எலும்பு வெளியே தெரிந்து, அந்த இடம் செத்துப்போகும். உங்களைப் போன்ற வருஷ ஊசிக்காரர்களுக்கு அது அபூர்வம்தான். அபூர்வம் என்று சொல்லாமல் விடுகிற விஷயமில்லை. தெரிந்தால் அந்த மருத்துவர் உங்கள் எலும்பு டாக்டரைக் கேட்பார், எப்போது செய்வது, எவ்வளவு செய்வது என்று யோசிப்பார். தெரியாவிட்டால் மேசைமேல் இருக்கிற தாடையில் போடுகிற மாதிரியே உங்களுக்கும் போடுவார். பயந்துகொண்டு ஊசியை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. அதை எலும்பு டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அவர் எதிர்த்தரப்பு இல்லை, அண்ணா. அவர் கையில் இருக்கப்போவது உங்கள் தாடை. 15ஆம் தேதிக்கு முன்னால் போய்ச் சொல்லுங்கள்.

எழுத்தில் தரமாட்டேன் என்றவள் ஒரு பக்கம் எழுதிவிட்டேன், பார்த்தீர்களா. உங்கள் தொழில் ராசி அப்படி.

தங்கை


பிப்ரவரி 3

அன்புள்ள தங்கைக்கு,

கட்சிக்காரருக்கு அத்தகைய ஊசி போடப்படுவது உண்மை. அதைச் சொல்வதில் உள்ள சிக்கலை நீ உணரவில்லை. இன்று அதைச் சொன்னால், நாளை திருகு கழன்றாலும், தையல் பிரிந்தாலும், தாடையே கோணினாலும், "உங்க ஊசிதான் சார் காரணம்" என்ற ஒரே பதில்தான் வரும். அவருடைய கைத்தவறுக்கும் ஊசியே பொறுப்பேற்கும். எதிர்த்தரப்பின் தற்காப்பை நாமே எழுதி அவர் பையில் வைப்பதற்கு ஒப்பானது இது.

இன்னொன்று. சென்ற வாரம் வாயின் அச்சு எடுப்பதற்காகக் கட்சிக்காரர் மீண்டும் போனார். வாய் நிறையப் பசையோடு அசையாமல் இருக்க வேண்டியிருந்ததால், எதிர்ச் சுவரைப் பார்க்க நேர்ந்தது. அங்கே ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் குழுப் புகைப்படம். பின்வரிசையில் ஒல்லியாக அந்த மருத்துவர். முன்வரிசையில், ஆசிரியர்களுக்கு நடுவே, கைகளைக் கட்டிக்கொண்டு, படம் எடுப்பவர் மேல் கோபமாக இருப்பவள் போல் ஒரு பெண்மணி. அந்தப் பார்வையைக் கட்சிக்காரர் சிறுவயது முதல் அறிவார்.

ஆகவே கேட்கிறேன். அவர் உன் மாணவரா? எல்லாவற்றையும் சொல்லிவிடும்படி நீ அவசரப்படுத்துவது கட்சிக்காரரின் தாடையைக் காக்கவா, உன் மாணவரைக் காக்கவா? இதற்குள் அவரோடு பேசிவிட்டாயா? இங்குள்ள செய்திகள் உன் அண்ணி வழியாக உன்னை வந்தடைவதை இப்போதுதான் அறிகிறேன். உன் வழியாக அவை யாரைப் போய்ச் சேர்கின்றன என்பது எனக்குத் தெரியாது.

அவரோடு உனக்குள்ள தொடர்பை முழுமையாகத் தெரிவித்து, கையொப்பமிட்ட கருத்துரை ஒன்றை அனுப்பு. அது வரும்வரை கட்சிக்காரர் யாரிடமும் எதுவும் சொல்லமாட்டார். 15ஆம் தேதியையும் மாற்றமாட்டார். மாற்றினால் காரணம் கேட்பார்கள்.

அண்ணன்


பிப்ரவரி 8

அண்ணா,

ஆமாம், என் மாணவன். நீங்கள் புகைப்படத்தைப் பற்றி எழுதும்வரை எந்த மாடி, எந்தக் கிளினிக் என்று எனக்குத் தெரியாது. நான் கோபமாக இருந்ததும் உண்மை. வெயிலில் நிற்கவைத்துவிட்டுக் கேமராக்காரர் கேமராவைத் தேடப் போய்விட்டார்.

அவன் நடுத்தரமான மாணவன். கை சுத்தம். வாய்தான் ஓயாது. நோயாளி முறைத்தால் அவனுக்குப் பயம் வரும், பயம் வந்தால் சிரிப்பான். "சிரிக்காதேடா, அவங்க பல்லு போனதுக்கு நீ ஏன் பல்லைக் காட்டற?" என்று நான் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். நீங்கள் எப்படி முறைத்திருப்பீர்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது.

அவனோடு பேசவில்லை. பேச நினைத்தேன். இரண்டு பேரைக் கேட்டால் அவன் நம்பர் கிடைத்துவிடும். 'உன் நோயாளி ஒருவர் ஊசி விஷயத்தை மறைக்கிறார்' என்று ஒரு வரி சொன்னால் முடிந்தது. போனைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே வைத்தேன். நீங்கள் என்னை நம்பிச் சொன்னதை உங்களைக் கேட்காமல் இன்னொருவரிடம் சொன்னால், அப்புறம் உங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? ஆனால் நீங்கள் சொல்லாமலே நாற்காலியில் ஏறப்போகிறீர்கள் என்று தெரிந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேட்ட கருத்துரை இத்துடன் இருக்கிறது. என் பதிவு எண்ணும் கையொப்பமும் போட்டிருக்கிறேன். அவன் என் மாணவன் என்பது முதல் வரி. மிச்சப் பற்களைச் சுற்றி எலும்பு கரைந்துவிட்டது. ஆடாத அந்தப் பல்லும் வேர் நுனியில் சீழ் கட்டி நிற்கிறது; ஆடவில்லை என்பதால் அது நல்ல பல் ஆகிவிடாது. திட்டத்தில் தப்பில்லை. எலும்பு ஊசியைப் பற்றிச் சொல்லாமல் எந்தப் பல்லையும் எடுக்கக் கூடாது என்பது கடைசி வரி. வளைந்த வேர்த்துண்டு யார் கைவேலை என்று எழுதவில்லை. அதற்கும் நோட்டீஸ் வரும்.

இதை வைத்து அவன்மேல் வழக்குப் போடலாம், என்மேல் போடலாம், சேர்த்தும் போடலாம். தெரிந்துதான் தருகிறேன். போய்ச் சொல்லுங்கள்.

தங்கை


பிப்ரவரி 19

அன்புள்ள தங்கைக்கு,

உன் கருத்துரை கிடைத்த மறுநாள் மாலை, உன் அண்ணியுடன் அங்கே சென்றேன். இதுவரையிலான என் கடிதங்களில் 'கட்சிக்காரர்' என்று வரும் இடங்களில் எல்லாம் 'நான்' என்று வாசித்துக்கொள்ளவும்.

நாற்காலியில் படுக்க மறுத்து, நின்றுகொண்டே சொன்னேன். மருத்துவர் கையுறையைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்."

"நீங்கள் கேட்கவில்லை."

"தினமும் மாத்திரை எடுக்கறீங்களான்னு கேட்டாங்களே?"

"தினமும் இல்லை. மாத்திரையும் இல்லை."

உன் அண்ணி இடையில் புகுந்தாள். "அவரு அப்படித்தான் டாக்டர். கல்யாணத்துக்கு முன்னாடி என்னைப் பிடிச்சிருக்கான்னு கேட்டேன். 'ஆட்சேபணை ஏதும் இல்லை'ன்னாரு. அதையே வச்சுக்கிட்டு இத்தனை வருஷம் ஓட்டிட்டேன்."

இதற்கும் மருத்துவர் சிரிக்கவில்லை என்பதைக் குறிப்பிட விரும்புகிறேன். உதவியாளரை அழைத்து, "இனிமே ஊசி, டிரிப்ஸ், எப்பவோ ஒரு தடவை போட்டது, எல்லாத்தையும் தனித்தனியா கேளு" என்றார். 15ஆம் தேதியை அப்போதே ரத்து செய்தார். எலும்பு மருத்துவரிடம் பேசித் தெளிவு கிடைக்காமல் என் வாயைத் தொடப்போவதில்லை என்றார். ஆபத்தை உத்தேசித்து அப்படிச் சொன்னாரா, என்னை உத்தேசித்தா என்பதை என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

உன் கருத்துரையை அவரிடம் காட்டவில்லை. உன் பெயரையும் சொல்லவில்லை. அது என் மேசையில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. எதற்கு என்று கேட்காதே.

அண்ணன்


செப்டம்பர் 2

அண்ணா,

எலும்பு டாக்டர் சரி என்றபிறகு, மே மாதம் எல்லாம் முடிந்தது என்று அண்ணி சொன்னாள். உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. போன வாரம் அண்ணியைக் கேட்டால், "அவரையே கேளு, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று பேச்சை மாற்றினாள். அண்ணிக்கு ஒன்றும் தெரியாத விஷயம் உங்கள் வீட்டில் எது?

ஏதோ நடந்திருக்கிறது. புண் ஆறவில்லையா? திருகு ஆடுகிறதா? அல்லது உங்கள் மேசையில் நோட்டீஸ் தயாராகிறதா?

பூட்டி வைத்திருப்பது என் கையொப்பம். சுருட்டைக்கு நடந்தது இவனுக்கும் நடக்கப்போகிறது என்றால், கோர்ட்டில் என் பெயரைக் கூப்பிடுவதற்கு முன்னால் எனக்குச் சொல்லிவிடுங்கள். அவளுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

தங்கை


செப்டம்பர் 12

அன்புள்ள தங்கைக்கு,

உன் சந்தேகம் ஆதாரமற்றது அல்ல. நோட்டீஸ் தயாரித்தேன்.

நான்கு திருகுகளில் மூன்றை எலும்பு பற்றிக்கொண்டது. வலது ஓரத்தில் உள்ளது பற்றவில்லை. புண் ஆறிவிட்டது, நீ பயந்தது நடக்கவில்லை. சென்ற மாதம் பரிசோதனைக்குப் போயிருந்தபோது, மருத்துவர் ஒரு சிறு கருவியால் ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தார். நான்காவது சுழன்றது. எனக்கு வலிக்கவில்லை, அவர் சொல்லாமல் விட்டிருந்தால் அன்று எனக்குத் தெரிந்திருக்காது. அவர் நாற்காலியை நிமிர்த்தி, நான் நேராக உட்காரும்வரை காத்திருந்து சொன்னார்.

"ஒண்ணு பிடிக்கல சார்."

"காரணம்?"

"தெரியல. உங்க எலும்பா இருக்கலாம், ஊசியா இருக்கலாம். என் கையாவும் இருக்கலாம். அந்த ஓரத்துல துளை போடறப்போ கொஞ்சம் சூடேறிடுச்சோன்னு எனக்கே ஒரு சந்தேகம்."

வீட்டுக்கு வந்ததும் நோட்டீஸை எழுத உட்கார்ந்தேன். நல்ல நோட்டீஸ். உன் கருத்துரையை இணைப்பாகச் சேர்த்திருந்தேன். 'துளையிடும்போது சூடேறியிருக்கலாம் என்று மருத்துவர் தாமே ஒப்புக்கொண்டார்' என்று எழுதிய பிறகு, பேனா அதற்கு மேல் நகரவில்லை. வழக்கின் உயிர்நாடி அந்த வாக்கியம். அதை நான் கேட்டுப் பெறவில்லை. 'காரணம்?' என்ற ஒரு சொல்லைத்தான் கேட்டேன். அவரிடத்தில் நான் இருந்திருந்தால், 'உங்கள் எலும்பாக இருக்கலாம்' என்பதோடு நிறுத்தியிருப்பேன். அதுவும் உண்மையாகவே இருந்திருக்கும். பிப்ரவரியில் அந்தத் தற்காப்பை நானே கொண்டுபோய் அவர் பையில் வைத்தேன் அல்லவா? அவர் அதை எடுக்கவில்லை.

உன் தோழியைப் பற்றியும் அன்று யோசித்தேன். அது குறித்து எழுத இன்னும் எனக்குச் சரியான வாசகம் அமையவில்லை. அமைந்ததும் எழுதுவேன்.

நோட்டீஸ் அனுப்பப்படவில்லை. உன் கருத்துரை இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது. பிரதி எடுக்கவில்லை. நீ அதை நம்பியாக வேண்டும் என்று நான் கோரவில்லை.

இதனால் அவர்மேல் எனக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டதாகக் கொள்ள வேண்டாம். இருக்கும் மூன்றிலேயே பல் செட்டை மாட்டிவிடலாம், மறுபடி துளைக்க மனமில்லை என்கிறார். மனமில்லையா, துணிவில்லையா என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். மூன்று போதுமா என்று உன்னையும் கேட்க எண்ணியிருக்கிறேன்.

அடுத்த மாதத் தொடக்கத்தில், பற்களை மெழுகில் அடுக்கி வாயில் வைத்துப் பார்ப்பார்களாம். என் பழைய முகத்தை அறிந்த ஒருவர் எதிரில் உட்கார்ந்து, பல் எடுப்பாகத் தெரிகிறதா, உதடு ஒழுங்காக மூடுகிறதா, பேச்சு முன்போல வருகிறதா என்று சொன்னால், மெழுகாக இருக்கும்போதே திருத்திவிடலாம் என்றார். உன் அண்ணியைக் கேட்டால், "இப்ப இருக்கறதுக்கு எதுவும் தேவலாம்" என்கிறாள். அது சாட்சியம் ஆகாது. மருத்துவர் தன் வேலையைத் தானே மெச்சிக்கொள்ளவும் கூடும். ஆகவே நீ வர வேண்டும். அந்த மெழுகுப் பல்லோடு, பாதியில் நின்றுபோன என் வாதத்தை உன் முன்னால் பேசிக் காட்டுகிறேன். இருந்து கேட்டுவிட்டு உன் கருத்தைச் சொல்.

வாய்மொழியாகச் சொன்னால் போதும். எழுத்தில் தேவையில்லை.

அண்ணன்